வர்ஜில் பிறந்த வருஷம்

கெல்சோ, ஓக்லஹோமா
12 அக்டோபர் 1981

அண்ணன் ஹார்லன் டாக்கெட்டுக்குத் தங்கை ஓபல் எழுதுவது.

இங்கே நான் சுகம். மழை வருவதை முழங்கால் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நீயும் அண்ணி நேவாவும் சுகமா என்று கேட்பது வழக்கம், அதனால் கேட்கிறேன்.

வருகிற மார்ச்சில் எனக்கு அறுபத்திரண்டு முடிகிறது. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் வெந்ததற்குப் பென்ஷன் உண்டாம். ஆபீஸில் போய் உட்கார்ந்தால், எதிரே இருக்கிற பெண், "பொறந்ததுக்கு அத்தாட்சி எங்க பாட்டி?" என்கிறாள். "நானே எதிர்ல உக்காந்திருக்கேன், இன்னும் என்ன அத்தாட்சி வேணும்?" என்றேன். அவள் சிரிக்கவில்லை. நம் காலத்தில் பண்ணையில் பிறந்த பிள்ளையை யார் போய்ப் பதிந்தார்கள்? குடும்ப பைபிளில் எழுதியிருந்தால் அந்தப் பக்கம் போதும் என்றாள்.

பைபிள் என்னிடம்தான் இருக்கிறது. அம்மா செத்த அன்றே எடுத்து வைத்தேன். பிறப்பு எழுதின பக்கத்தைத் திறந்து பார்த்தது இப்போதுதான். பக்கம் இல்லை. தானாகக் கிழிந்து விழவில்லை, ஹார்லன். கத்தி வைத்து ஓரத்தோடு நறுக்கியிருக்கிறது, கோடு போட்ட மாதிரி. நம் வீட்டில் அவ்வளவு நேராக வெட்டுகிற கை ஒன்றுதான்.

அதை அனுப்பு. முப்பத்துநாலாம் வருஷ வறட்சியில் அரசாங்க ஆட்கள் தீவனமில்லாத மாடுகளை வாங்கிச் சுட்டுக்கொன்று குழியில் தள்ளினபோது, என் வெள்ளைக் கன்றுக்குட்டியைக் கயிற்றோடு பிடித்துக் கொடுத்துவிட்டு "எனக்குத் தெரியாது" என்று நின்றாயே. இதற்கும் அப்படி நிற்காதே.

கர்த்தர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஓபல் ரக்ஸ்டேல்


பேக்கர்ஸ்ஃபீல்ட், கலிஃபோர்னியா
9 நவம்பர் 1981

அன்புள்ள ஓபலுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உன் முழங்காலுக்கு நேவா ஒரு தைலம் சொல்கிறாள், தனியாக எழுதுவாள். என் இடுப்பு பழையபடிதான். பெல்ஜியத்தில் புகுந்த இரும்புத் துண்டு, குளிர் வந்தால் எங்கேயும் போகவில்லை என்று தெரிவிக்கும். டாக்டர் அறுக்க வேண்டும் என்கிறார். ஆரஞ்சு இந்த வருஷம் சின்னது.

பென்ஷனுக்காக நீ அலைய வேண்டாம். பிறந்ததை அறிந்த மூத்தவர் ஒருவர் சத்தியம் செய்து எழுதிக்கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வார்களாம், இங்கே விசாரித்துவிட்டேன். நீ பிறந்தபோது எனக்கு ஆறு வயசு. அப்பா என்னைக் கோழிக்கூண்டுப் பக்கம் போகச் சொன்னதும், திரும்பி வந்தபோது நீ கத்திக்கொண்டிருந்ததும் நன்றாக நினைவிருக்கிறது. "அன்னிக்கு ஆரம்பிச்சவ இன்னும் நிறுத்தலைன்னு எழுதுங்க" என்கிறாள் நேவா.

சத்தியக் கடிதம் எழுதி அனுப்பட்டுமா? சொல்.

உன் வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ஹார்லன்


கெல்சோ
17 நவம்பர் 1981

ஹார்லனுக்கு ஓபல்.

சுகம். நீயும் சுகம் என்று உன் கடிதத்தில் பார்த்தேன்.

அந்தக் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். கோழிக்கூண்டு இருக்கிறது, ஆரஞ்சு இருக்கிறது. நான் கேட்ட பக்கம் இருக்கிறதா இல்லையா என்று ஒரு வரி இல்லை. கேட்டதைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறவன் எதையாவது மறைக்கிறவன்.

நான் ஒன்றையும் மறக்கவில்லை. நீயும் அறிந்ததுதான், ஆனாலும் எழுத்தில் இருக்கட்டும்.

1940 ஏப்ரல். தூசிப்புயலுக்காக ஜன்னலில் கட்டின ஈரத் துணி பட்டு, பைபிளில் பழைய பக்கத்தின் மை கரைந்துபோயிருந்தது. அம்மாவுக்கு எழுத வராது. அவள் சொல்லச் சொல்ல நான்தான் புதுப் பக்கத்தில் எழுதினேன். தீவனச் சாக்கில் தைத்த ஏப்ரன் போட்டிருந்தேன், நீலக் கோழி அச்சடித்தது. மண் விழாமல் தட்டெல்லாம் மேஜையில் கவிழ்ந்திருந்தது. ஹார்லன் 1914. ஓபல் 1920. தம்பி வர்ஜில் 1925, நவம்பர். கண்ணை மூடினால் அந்த ஐந்தின் வால் இன்றைக்கும் தெரிகிறது.

அந்த மாதமே வர்ஜில் அரசாங்கத்தின் மரம் நடுகிற முகாமுக்குப் போனான். பதினேழு ஆனவனைத்தான் எடுப்பார்கள். பதினாலிலேயே கதவு நிலையில் தலை இடிக்கிற உயரம் அவன், ஆளைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள் என்று நினைத்தேன். ஜூனில் என் கல்யாணம். உப்பில் ஊறவைத்த முள்செடியைத் தின்று குளிர்காலம் கழித்த வீட்டில், அம்மா எங்கிருந்தோ எனக்கு வெள்ளை ஷூ வாங்கிவந்தாள். கடைப் பெட்டியோடு, புதுசு. இன்னும் வைத்திருக்கிறேன்.

1942 டிசம்பரில் வர்ஜிலைப் பட்டாளத்துக்கு எடுத்தார்கள். பிறந்தது 1922, வயசு இருபது என்று எழுதி எடுத்தார்கள். என் ஐந்தை யார் இரண்டாக்கினது? அப்பா தூசிக் காய்ச்சலில் செத்து ஆறு வருஷம். வீட்டில் இருந்த இன்னோர் ஆண் நீ. பண்ணைக்கு ஆள் வேண்டும் என்று உன் பேரில் விலக்குச் சீட்டு இருந்தது. ஒரு வீட்டிலிருந்து ஒருத்தன் போனால் இன்னொருத்தனை விட்டுவைப்பார்கள் என்று ஊரே பேசிக்கொண்டது. அவன் போனான். நீ இருந்தாய். மறு செப்டம்பரில் இத்தாலியில் செத்தான், பதினெட்டு முடியாமலே. கல்லறைக் கல்லில் மட்டும் 1922 என்று நிற்கிறது.

இத்தனை வருஷம் சந்தேகம்தான். இப்போது நறுக்கின ஓரத்தைக் கையால் தடவிப் பார்த்துவிட்டேன்.

சத்தியக் கடிதம் எனக்கு வேண்டாம். உன் சத்தியத்தை வைத்து நான் என்ன செய்ய? பக்கத்தை அனுப்பு.

நேவாவைக் கேட்டதாகச் சொல். அவள் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

ஓபல் ரக்ஸ்டேல்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
5 ஜனவரி 1982

அன்புள்ள ஓபலுக்கு,

புது வருஷ வாழ்த்து. ஆரஞ்சுப் பெட்டி கிடைத்திருக்கும்.

பக்கம் என்னிடம் இல்லை. 1957-இல் சமையலறை தீப்பிடித்ததில் போய்விட்டது.

விலக்குச் சீட்டு இருந்தது உண்மை. அவன் செத்த செய்தி வந்த மூன்றாம் வாரம் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நானும் பட்டாளத்தில் சேர்ந்தேன், அதுவும் உண்மை. மேற்கொண்டு கிளறாதே ஓபல். உனக்கு நல்லதில்லை. சத்தியக் கடிதம் எப்போது கேட்டாலும் தருகிறேன்.

முழங்காலைப் பார்த்துக்கொள்.

ஹார்லன்


கெல்சோ
14 ஜனவரி 1982

ஹார்லனுக்கு ஓபல்.

சுகம் விசாரித்ததாக வைத்துக்கொள்.

உன் சமையலறை எரிந்தது 1955, மே மாதம். எரிந்தது ஒரு திரையும் ரொட்டி டப்பாவும். "நல்லவேளை, வேற ஒண்ணும் போகல" என்று நேவா அப்போது எழுதின கடிதம் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அவளுக்கு அவித்த பீன்ஸில் உப்புப் போட வராது, ஆனால் பொய் சொல்லவும் வராது.

இன்னொன்று. எரிந்தது என்றால் உன்னிடம் இருந்தது. இருந்தது என்றால் வெட்டினது நீ. வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டாய், பார்த்தாயா? என்னை எட்டாவது வகுப்போடு நிறுத்தினார்கள், ஆனால் கூட்டிக் கழிக்க எனக்குத் தெரியும்.

"உனக்கு நல்லதில்லை" என்று மிரட்டுகிறாய். எனக்கு எதற்கு நல்லதில்லாமல் போக வேண்டும்? உனக்குத்தான்.

ஒவ்வொரு மே மாதமும் கல்லறைக்குப் பூ வைக்கிற நாளில் நீ கலிஃபோர்னியாவிலிருந்து ஓட்டி வந்து, காலை எட்டு மணிக்கு அவன் காலடியில் காப்பி டப்பாவில் பூ வைத்துவிட்டுப் போகிறாய். நான் தேவதாரு மரத்துக்குப் பின்னால் காரில் உட்கார்ந்திருப்பேன். உன் வண்டித் தூசி அடங்கின பிறகுதான் இறங்குவேன். இத்தனை வருஷம் நான் தாமதமாக வருகிறேன் என்று நினைத்தாயா?

ஓபல் ரக்ஸ்டேல்

பி.கு. ஆரஞ்சு வந்தது. புளிப்பு.


பேக்கர்ஸ்ஃபீல்ட்
20 பிப்ரவரி 1982

அன்புள்ள ஓபலுக்கு அண்ணி நேவா எழுதுவது.

நான் நல்ல சுகம். நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். உன் அண்ணனுக்கு இடுப்பில் ஆபரேஷன் நடந்து ஆஸ்பத்திரியில் இரண்டு வாரமாகிறது. அதனால்தான் பதில் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. பயப்பட ஒன்றுமில்லை என்கிறார்கள். ஆனால் மயக்க மருந்து கொடுத்த அன்று அவர் "வர்ஜில், வண்டியிலேர்ந்து எறங்குடா" என்று சொல்லிக்கொண்டே இருந்ததாக நர்ஸ் சொன்னாள்.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்டதில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன், நான் எழுதினதாக அவரிடம் சொல்லாதே. உன் கடைசிக் கடிதம் வந்த அன்றைக்குப் பழைய புகையிலை டப்பாவைத் திறந்து ஒரு காகிதத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். காப்பி ஆறிப்போனது. "என்னங்க அது?" என்றேன்.

"ஓபலோட காகிதம்."

"அப்ப அவளுக்கே அனுப்பிடுங்களேன்."

"அவளோடதுங்கிறதாலதான் அனுப்பல" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உனக்குப் புரியும் என்று எழுதுகிறேன். பீன்ஸுக்கு இப்போதெல்லாம் உப்புச் சரியாகப் போடுகிறேன்.

அன்புடன்,
நேவா


கெல்சோ
27 பிப்ரவரி 1982

ஹார்லனுக்கு ஓபல்.

உனக்கு ஆபரேஷன் ஆனது தெரியும். யார் சொன்னது என்று கேட்காதே. உடம்பு தேற வேண்டும் என்று சர்ச்சில் உன் பேரைச் சொன்னேன். ஜெபம் வேறு, இது வேறு.

பக்கம் எரியவில்லை. டப்பாவில் இருக்கிறது. நீ பொய் சொன்னாய், அதுவும் எனக்கு, தேதி வாரியாக எல்லாவற்றையும் வைத்திருக்கிறவளுக்கு.

இனிக் கெஞ்ச மாட்டேன். ஏப்ரல் பதினைந்துக்குள் அது வந்து சேராவிட்டால் உன் மகன் டேலுக்கு எழுதுவேன். உன் அப்பன் பிழைத்திருக்க ஒரு பதினேழு வயசுப் பிள்ளையின் வயசைத் திருத்திப் பட்டாளத்துக்கு அனுப்பினான், செத்துப்போன அந்தப் பிள்ளையின் பேரைத்தான் உன் மகனுக்கும் வைத்திருக்கிறாய் என்று எழுதுவேன். எழுதுவேனா மாட்டேனா என்று உனக்குத் தெரியும்.

ஓபல் ரக்ஸ்டேல்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
30 மார்ச் 1982

அன்புள்ள ஓபலுக்கு,

வீட்டுக்கு வந்துவிட்டேன். கைத்தடியோடு அஞ்சல் பெட்டிவரை போகிறேன். உன் பிறந்தநாளைக்கு எழுத முடியவில்லை, இப்போது வாழ்த்துகிறேன்.

பக்கம் இதோடு இருக்கிறது. டேலுக்கு நீ எழுதினால் அவனுக்கு நான் பதில் சொல்ல வேண்டிவரும், அதற்கு முன்னால் உனக்கே சொல்லிவிடுவது மேல். ஆபரேஷன் மேஜையில் போயிருந்தால் இது நேவா கையில் கிடைத்து, ஒரு வார்த்தை விளக்கம் இல்லாமல் உனக்கு வந்திருக்கும். அதையும் யோசித்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார். சுரண்டினது இல்லை, திருத்தினது இல்லை.

வர்ஜிலுக்கு அழைப்பு வந்த அன்றைக்கு ஆளெடுக்கிற ஆபீஸுக்கு நான் போனேன். "தம்பிக்குப் பதினேழுதாங்க" என்றேன். "பைபிளக் கொண்டா" என்றார்கள். அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் வந்தாள். திறந்தார்கள். பிறந்தது 1922 என்றிருந்தது. மேஜைக்காரர் சிரித்தார்: "குடும்ப பைபிளே சொல்லுது, உனக்கென்னய்யா வந்தது?" நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் வாயே திறக்கவில்லை. பொய் வயசில் முகாமுக்கு அனுப்பினது வெளியே வந்தால் ஜெயில் என்று பயம். வர்ஜில் என் தோளில் கை போட்டுக்கொண்டு, "அண்ணனுக்குப் பொறாமை சார், நான் இருபதுதான்" என்றான். அவனுக்குப் போக ஆசை. ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்போது வழியில் வண்டியை நிறுத்தி இறங்கச் சொன்னேன். இறங்கவில்லை. "லேட்டாகுது, ஓட்டுண்ணே" என்றான்.

அவன் செத்த தந்தி வந்தபோது நீ ஏழு மாதம். முதல் பிள்ளை தங்காமல் போயிருந்தது. அம்மா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டாள். "அவ அஞ்சுன்னு எழுதினதாத்தான் சொல்லிட்டிருக்கா. நெஜமாவே அப்படி நெனைக்கிறா. அந்தப் பக்கத்த வெட்டிடு, அவ கண்ணுல படக்கூடாது."

"அப்ப மாத்தினது யாருன்னு கேப்பாளே?"

"உன்னையத்தான் சொல்லுவா. நீ தாங்கிக்குவ" என்றாள்.

அவ்வளவுதான். எரித்திருக்க வேண்டும். அவன் பேர் இருந்ததால் கை வரவில்லை.

உன்னைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. அம்மா சொன்னாள், நீ எழுதினாய். பசியில் கிடந்த ஊர். அந்த வருஷம் நம் பக்கத்துப் பையன்களில் பாதிப் பேர் பைபிளில் அப்படித்தான் பிறந்தார்கள். யுத்தம் வரும் என்று யாருக்குத் தெரியும்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
ஹார்லன்


பேக்கர்ஸ்ஃபீல்ட்
3 மே 1982

அன்புள்ள ஓபலுக்கு,

பக்கம் வந்து சேர்ந்ததா? நீ திட்டியாவது எழுதுவாய் என்று தினமும் பெட்டிவரை நடக்கிறேன். நடை நன்றாகிவிட்டது என்று டாக்டர் சொல்கிறார்.

நேவா உன்னைக் கேட்டாள்.

ஹார்லன்


கெல்சோ
14 மே 1982

அண்ணே,

எனக்கு உடம்பு சுகம். உன் நடை தேறியது கேட்டுச் சந்தோஷம். நிஜமாகவே கேட்கிறேன், வலி இருக்கிறதா?

பக்கம் ஏப்ரல் ஐந்தாம் தேதியே வந்தது. கண் சரியில்லை, அதனால் எழுதவில்லை என்று எழுதலாமா என்று பார்த்தேன். கண் நன்றாகத்தான் இருக்கிறது.

வெளிச்சத்தில் பிடிக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த இரண்டு என்னுடையது. கழுத்தைத் தூக்கின கோழிக்குஞ்சு மாதிரி நான் ஒருத்திதான் போடுவேன். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தாறு வருஷம் ஊறுகாய் ஜாடியிலெல்லாம் அப்படித்தான் எழுதி ஒட்டினேன்.

முதலில் உன் மேல்தான் கோபம் வந்தது. எப்படியோ செய்துவிட்டாய் என்று தோன்றியது, என் கையெழுத்தைக்கூடத் திருடுவாய் என்று. இரண்டு நாள் அப்படியே இருந்தேன். மூன்றாம் நாள் பாத்திரம் துலக்கும்போது அம்மா குரல் வந்தது.

"வர்ஜிலுக்கு இருபத்திரண்டுன்னு போடு."

"அவன் இருபத்தஞ்சுல்லம்மா?" என்று கேட்டேன். கேட்டேன் அண்ணே. பேனா கையில் நின்றது.

"போடுடி. முகாம்ல மூணு வேளையும் வயிறு நெறையப் போடறாங்க. மாசாமாசம் வீட்டுக்கும் பணம் வரும். உன் கல்யாணத்துக்குக் கால்ல ஒண்ணு வேணும்ல?"

போட்டேன். மை காய ஊதினதும் நான்தான். அந்த ஐந்தின் வால் கண்ணை மூடினால் தெரிகிறது என்று உனக்கு எழுதினேனே, இப்போதும் மூடிப் பார்த்தேன். இப்போதும் தெரிகிறது. எங்கிருந்து வந்ததோ, எனக்கே தெரியவில்லை.

ஷூ பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கினேன். அடி தேயவே இல்லை. ஒரே நாள் போட்டது. நீ உன் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. நான் பெருமையாக எழுதியிருந்தும் எழுதவில்லை. உனக்குத் தெரியும் என்பது அதிலிருந்துதான் எனக்குத் தெரிந்தது.

பக்கத்தை ஆபீஸுக்குக் கொண்டுபோகவில்லை. மாவுப் பசை காய்ச்சி பைபிளில் இருந்த இடத்திலேயே ஒட்டிவிட்டேன், திருத்தாமல்.

போன வாரம் கல்லறைக் கல் போடுகிறவனுக்கு ஃபோன் செய்து, 1922-ஐ 1925 ஆக்க முடியுமா என்று கேட்டேன். பட்டாளம் கொடுத்த கல்லைத் தொடக்கூடாதாம். புதுக்கல் கேட்டு எழுத வேண்டுமாம், அதற்கு அவன் பிறந்த வருஷத்துக்கு அத்தாட்சி வேண்டுமாம். "குடும்ப பைபிள் பக்கம் ஏதாச்சும் இருக்கா பாருங்கம்மா" என்றான். ஃபோனை வைத்துவிட்டுச் சமையலறையில் போய் உட்கார்ந்தேன்.

பைபிள் சொல்வதை மறுக்க, எழுதினவளே வந்து சொன்னால்தான் எடுபடும். நீ எனக்கு எழுதித் தருகிறேன் என்றாயே, அந்தச் சத்தியக் கடிதம், அதை எழுது. வர்ஜிலுக்கு நான் எழுதுகிறேன். அவன் 1925 நவம்பரில் பிறந்தான், அது தெரிந்தே நான் 1922 என்று எழுதினேன் என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். இரண்டு வரிதான், ஐந்து தாள் வீணாகிவிட்டது. கீழே சாட்சிக்கு ஒரு கையெழுத்து வேண்டும்.

அதனால் இந்த மாசக் கடைசியில் பூ வைக்கிற நாளுக்கு நீ வர வேண்டும். காரை ஓட்டாதே, பஸ்ஸில் வா, நேவாவையும் கூட்டிவா, என் வீட்டில்தான் தங்க வேண்டும். வாசலில் ஐரிஸ் பூத்திருக்கிறது, ஒரு காப்பி டப்பா போதும் நமக்கு. எட்டு மணிக்குத் தனியாகப் போய்விட்டு வந்துவிடாதே. நான் காரில் உட்கார மாட்டேன்.

வெள்ளைக் கன்றுக்குட்டி விஷயம் வேறு. அதற்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

உன் தங்கை,
ஓபல்